எண்ணூர்க் குப்பத்தில் நியூட்ரினோவும் ஒரு வருகைத் தாளும்

2008 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் நியூட்ரினோ ஆராய்ச்சி செய்பவன். எண்ணூர்ப் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றில் எளிய தமிழில் பேச வேண்டும் என்று ஓர் அறிவியல் மன்றம் கேட்டது. ஆசையாகக் கிளம்பினேன்.

ராயபுரத்தில் காலை 8.10 மின்சார ரயில். பதின்மூன்று கிலோமீட்டர், அரை மணி நேரம், ஐந்து ரூபாய். ஜன்னலோரம் உட்காராதீர்கள், புகைத் தூசிக்கு வெள்ளைச் சட்டை தாங்காது (என்னுடையது தாங்கவில்லை). எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோ, இன்னோர் ஐந்து ரூபாய். ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“இன்னா சார், சர்வேயா?”

“இல்லீங்க, அறிவியல் பேச்சு.”

“வர்றவங்க எல்லாம் அப்டித்தான் சொல்றாங்கோ.”

எனக்குச் சுருக்கென்றது.

மீன் ஏலக் கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள். நொடிக்கு நொடி கோடிக்கணக்கான நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகத்தை ஊடுருவிப் போகின்றன, நமக்கு ஒன்றும் ஆவதில்லை என்றேன். மீன் விற்கும் மல்லிகா எழுந்தார்.

“கண்ணுக்கும் தெரியாது, ஒண்ணியும் ஆவாதுன்னா எப்டி சார் நம்புறது? கம்பெனிலேர்ந்து காத்துல வர்ற நாத்தத்துக்கும் அதான் சொன்னாங்கோ.”

நியாயமான கேள்வி. இவை சூரியனிலிருந்து வருபவை, எந்தக் கம்பெனியும் அனுப்புவதில்லை என்றதும் சிரித்துவிட்டார். அதன் பிறகு கேள்விமேல் கேள்வி. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கடைசியில், மன்றம் கொடுத்தனுப்பிய வருகைத் தாளை நீட்டினேன். யாரும் அதைக் கையில் வாங்கவில்லை.

“மேல காலியா கீதே?” என்றார் மல்லிகா. “போன தபா மீட்டிங்குன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கிகினு போனாங்கோ. அப்பால பாத்தா, வலை காயப்போடுற எடத்த ரோட்டுக்கு நாங்களே குடுத்துட்டோம்னு மேல எழுதிக்கினாங்கோ.”

கோபம் வந்தது. என்னைப் போய் அந்த ஆட்களோடு சேர்க்கிறார்களே! வீம்புக்குப் பேனாவை எடுத்து, காலி இடம் முழுவதையும் அடைத்து எழுதினேன்: ‘நியூட்ரினோ பற்றிய பேச்சைக் கேட்டோம். வேறு எதற்கும் சம்மதம் தரவில்லை.’ உரக்கப் படித்துக் காட்டிய பிறகே மல்லிகா கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள்.

மறுநாள் மன்றச் செயலாளர் தாளைப் பார்த்து முகம் சுளித்தார். “இத யார் சார் எழுதச் சொன்னது? இது உபயோகப்படாது. மேல ஒண்ணும் எழுதாம, இன்னொரு தடவ வாங்கித் தர முடியுமா?”

எதற்கு என்று கேட்டேன். “வாங்கித் தாங்க சார், போதும்” என்றார்.

பேசப் போகும் நண்பர்களே, ஏலம் முடிந்து பத்து மணிக்குமேல் போங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். கையெழுத்து எதற்கு என்பதை ரயில் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. மல்லிகாவும் கேட்காமல் இருந்திருந்தால், அந்த முப்பது பேரையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.