ஏழு பேரின் நோட்டில் நான் ஒட்டிய காகிதம்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பதுகளின் நடுவில், ஒரு ஜவுளிக்கடைப் பையில். கொண்டுவந்தவர் கடையநல்லூரில் துணிக்கடை வைத்திருந்த பாய். அவருடைய அண்ணன் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது வீட்டுப் பிள்ளைகளுக்கென்று வாங்கி வந்தது அது. ஒரு நோட்டுப் புத்தக அளவுதான் இருக்கும். மேலே ரப்பர் பொத்தான்கள். திரை கிடையாது, டி.வி.யில் மாட்டிக்கொள்ள வேண்டும். புரோகிராம்கள் கேசட்டில் வரும். டேப்ரெக்கார்டரில் ஓடவிட்டு அதன் சத்தத்தை உள்ளே அனுப்ப வேண்டும்.

“ஆறு மாசமா பீரோல கெடக்கு டீச்சர்” என்றார் பாய். “பிள்ளைங்க கேசட்டப் போட்டுப் பாத்துட்டு, பாட்டே வரல, கீச்சு கீச்சுன்னு கத்துதுன்னு தூக்கிப் போட்டுட்டாங்க. உங்ககிட்ட இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நான் வாரேன், எனக்கும் சொல்லிக்குடுங்க.”

நான் அப்போது சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கம்ப்யூட்டரை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஒரு எலக்ட்ரானிக்ஸ் மாதப் பத்திரிகையை விடாமல் படித்து, அதற்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். பாயும் எழுதுவார். ஒரு மாதம் எங்கள் இருவர் கடிதங்களும் ஒரே பக்கத்தில், முகவரியோடு அச்சாகியிருந்தன. அந்த முகவரியை வைத்துத்தான் என்னைத் தேடி வந்தார்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளை டி.வி. மொட்டைமாடியில் உயரமான குழாயில் ஆன்டெனா கட்டி, அதை இலங்கைப் பக்கம் திருப்பி, புள்ளி புள்ளியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தவர் என் கணவர். முதல் வாரம் அவருக்கு என் மேல் கோபம்தான். இரண்டாவது வாரம், டி.வி.யில் அவருடைய பெயர் திரை முழுக்க ஓடும்படி நான்கு வரியில் ஒரு புரோகிராம் எழுதிக் காட்டினேன். பார்த்துக்கொண்டே நின்றார். “ஏட்டி, நம்ம பேரு டி.வி.ல வருது!” என்று பக்கத்து வீட்டாரைக் கூட்டிவரப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு, மாலை அவருக்கு என்று ஆனது.

எங்கள் தெருவில் விசைத்தறிகள் அதிகம். கரண்ட் போய் வந்தால் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் கிளம்பும், வோல்டேஜ் விழும், ஒரு மணி நேரம் தட்டிய புரோகிராம் போய்விடும். அதனால் எனக்குச் சில பிடிவாதங்கள் வந்தன. இருபது வரிக்கு ஒருமுறை கேசட்டில் பதிந்துவிட வேண்டும். அதையும் இரண்டு கேசட்டில் பதிய வேண்டும். பிறர் எழுதிய புரோகிராமைக் கையால் தட்டித்தான் ஓட்ட வேண்டும், அப்போதுதான் அது என்ன செய்கிறது என்று புரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக் கம்ப்யூட்டர் கூடத்தில்தான் இருக்க வேண்டும். அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் அது ஒருவருடையதாகிவிடும். இந்தக் கருத்துகளில் எதையும் நான் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

பத்திரிகையின் கடிதப் பக்கத்தில் பார்த்த முகவரிகளுக்கு நானும் பாயும் எழுதிப்போட்டதில் ஏழு பேர் சேர்ந்தோம். ஒவ்வொருவரும் ஆறு பேருக்குக் கடிதம் எழுதுவது நடக்காத காரியம். ஆகவே ஒரு நீள நோட்டு வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, தபாலில் சுற்றவிட்டேன். வந்த நோட்டில் உள்ளதைப் படிக்க வேண்டும், சந்தேகமோ பதிலோ எழுத வேண்டும், பத்து நாளுக்குள் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். சுற்றின் முடிவில் நோட்டு என்னிடம் வரும், நான் மறுபடி அனுப்புவேன். அதன் காரணமாக, யாரும் கேட்காமலேயே நான் அதற்குக் காவல் ஆனேன். இன்று இணையத்தில் இந்த வேலைக்கு மாடரேட்டர் என்று பெயர். பணி ஓய்வுக்குப் பிறகு பழைய கம்ப்யூட்டர் பிரியர்களின் குழு ஒன்றில் நானும் மாடரேட்டராக இருக்கிறேன். அதற்கு வேண்டிய பாடத்தை அந்த நோட்டில்தான் படித்தேன்.

நோட்டில் எல்லோரும் எதிர்பார்த்தது கோவில்பட்டிக்காரரின் பக்கங்களை. அவர் ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். எந்தச் சந்தேகம் கேட்டாலும் இரண்டு பக்கம் எழுதுவார். ஸ்கேல் வைத்து வரைந்த படங்கள், கட்டம் கட்டிய விடைகள், முத்து முத்தான கையெழுத்து. எங்கள் தவறுகளைச் சிவப்பு மையால் திருத்துவார். என்னுடையதையும் திருத்தியிருக்கிறார். டீச்சரான எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் திருத்தம் சரியாக இருக்கும்.

சுற்றில் எனக்கு அடுத்தவர் பனவடலிசத்திரத்து விவசாயி. நாற்பது வயதிருக்கும். கல்லூரியில் ஒரு வருடம் படித்துவிட்டு நிலத்துக்குத் திரும்பியவர். தன் கிணற்று மோட்டார் புகைந்தால் தானே உள்ளே செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொள்வார். அவருக்குக் கம்ப்யூட்டர் இல்லை. மோட்டாருக்கான கரண்ட் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வரும், அதுவும் முறை வைத்து. அந்த நேரத்தைத் தன் மூன்று வயல்களுக்கும் பிரித்துத் தர ஒரு புரோகிராம் வேண்டும் என்று நோட்டில் கேட்டிருந்தார். கோவில்பட்டிக்காரர் அடுத்த சுற்றிலேயே அழகான ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

அதற்கு நன்றி சொல்லிவிட்டு விவசாயி இன்னொரு கேள்வியும் எழுதினார். “கம்ப்யூட்டருக்கு நினைவு உண்டு என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடுகிறது என்று டீச்சரும் எழுதுகிறார்கள். மறந்துவிடுவதை எப்படி நினைவு என்கிறீர்கள்?”

எனக்கு அது மிகவும் பிடித்துப்போன கேள்வி. ஆனால் சுற்று முடிந்து நோட்டு என் கைக்கு வந்தபோது, கடைசியில் கோவில்பட்டிக்காரர் இப்படி எழுதியிருந்தார். “அரிச்சுவடி தெரியாதவர்களுக்கு இந்த நோட்டில் என்ன வேலை? இவர் பத்து நாள் வைத்திருந்து அனுப்பினால் பக்கங்களில் மாட்டுத் தொழுவ வாடைதான் வருகிறது.”

அடுத்து நோட்டு போக வேண்டியது அந்த விவசாயிக்குத்தான். பாயிடம் காட்டினேன். “இத அவரு பாக்காண்டாம் டீச்சர்” என்றார். பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்டது போக மீந்த பழுப்புத் தாளில் ஒரு துண்டை வெட்டி, பசை தடவி, அந்த நான்கு வரியின் மேல் ஒட்டினேன். ஓரத்தில் “நீக்கப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு தபாலில் சேர்த்தேன்.

அடுத்த ஞாயிறு காலை பதினொரு மணிக்கு விவசாயி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அதற்கு முன் அவரைப் பார்த்ததில்லை. கையில் நோட்டு இருந்ததால்தான் யாரென்று தெரிந்தது. பாயும் அன்று வந்திருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தவர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். என் பழுப்புத் தாள் அங்கே இல்லை. ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு, எழுத்து அழியாமல் உரித்திருந்தார்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. அவுக ஏசுனது எனக்கு ஒண்ணும் பெருசில்ல” என்றார். “தண்ணி வுடுத தகராறுல இதவிட மோசமா கேட்டிருக்கேன். நீங்க ஒட்டுனதுதான் வருத்தமாப் போச்சு.”

“உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் அப்படிச் செஞ்சேன்.”

“என்னப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாண்டாமா? நான் உரிக்காம அனுப்பியிருந்தா, மத்தவுக எல்லாம் என்ன நெனைப்பாக? என்னமோ பெரிய தப்புப் பண்ணிட்டான் போலன்னுதான நெனைப்பாக? ஏசுனவருக்கு நான்லா பதில் சொல்லணும்? நீங்க என் வாயவும் சேத்துல்லா ஒட்டிட்டீங்க.”

பாய் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர் இருந்த இடத்தை மூடியிருந்தேன்.

“பதில் எழுதிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“எழுதியிருக்கேன். அனுப்பதுக்கு முன்ன உங்க மிஷின்ல ஒருக்கப் போட்டுப் பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.”

தொழுவ வாடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கோவில்பட்டிக்காரர் கொடுத்த புரோகிராமை எடுத்து, பென்சிலால் வரி வரியாகத் தாளில் ஓட்டிப் பார்த்திருந்தார். ஒவ்வொரு வரிக்கும் நேராக அப்போதைய எண்களைக் கட்டம் போட்டு எழுதியிருந்தார். நான்கு மணி நேரம் கரண்ட் வந்தால் சரியான விடை. இரண்டு மணி நேரத்துக்கும் சரி. மூன்றாவது தாளில் பூஜ்யம் என்று தொடங்கியிருந்தார். “எங்க ஊருல கரண்டே வராத நாளும் உண்டுல்லா” என்றார். அந்தத் தாளில் நூற்று நாற்பதாவது வரி, திரும்பத் திரும்பத் தொண்ணூறாவது வரிக்கே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் போதுமா என்று பார், போதாவிட்டால் இன்னொரு சுற்றுப் பிரி என்பது அந்த வரியின் கட்டளை. பிரிக்க ஒன்றும் இல்லாத நாளில் அது எப்போதும் போதாது.

தறிக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம், வோல்டேஜ் நன்றாக இருந்தது. புரோகிராமை நான் தட்டி முடித்து அவரையே அமுக்கச் சொன்னேன். பூஜ்யத்தை அமுக்கினார். திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிடம் பார்த்தோம், இரண்டு நிமிடம் பார்த்தோம். கம்ப்யூட்டர் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். “மாஷா அல்லாஹ்! கம்ப்யூட்டர் இல்லாம கம்ப்யூட்டர் தப்பக் கண்டுபிடிச்சிட்டீங்களே!”

விவசாயி சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் நெனைச்ச மாதிரியேதான் போகுது” என்று மட்டும் மெல்லச் சொன்னார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை என்னால் மறக்க முடியாது.

அவருடைய பென்சில் தாள்களோடு நோட்டு கிளம்பிப் போனது. அதில் நானும் ஒரு பக்கம் எழுதினேன். ஒட்டியது என் தவறு, இனி எதையும் மூட மாட்டேன். ஆனால் யாரைப் பற்றி எழுதப்படுகிறதோ அவருக்கு அதன் எதிர்ப்பக்கம் காலியாக விடப்படும். புரோகிராமில் குற்றம் சொல்லலாம், ஆளைச் சொல்லக் கூடாது. சொன்னால் நான் அழிக்க மாட்டேன், ஓரத்தில் “இது ஆளைச் சொல்வது” என்று எழுதி வைப்பேன். அவ்வளவுதான் என் சட்டம்.

ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. ஒரு சனிக்கிழமை மதியம், குடையும் தோல்பையுமாக ஒருவர் வந்தார். அவர் பையிலிருந்து எடுத்த நோட்டைப் பார்த்ததும் இவர்தான் கோவில்பட்டிக்காரர் என்று புரிந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கணவரும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது. டி.வி.யை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் வைத்திருந்தார் விரிவுரையாளர். “நான் எழுதினது தப்புன்னா, அதைவிட நீங்க அதை ஒட்டினது பெரிய தப்பு. அப்படின்னு உங்களை ஏசி இரண்டு பக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன்” என்றார். “அப்பதான் அந்தப் பென்சில் தாளப் பாத்தேன். எழுத ஓடல.”

“யாருக்கும் வரக்கூடிய தப்புதானே சார்.”

“இல்லம்மா. மிஷின்ல ஒருதரம் ஓட்டியிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்.” காபி டம்ளரைக் கீழே வைத்தார். “என் கையால இதுவரைக்கும் ஒரு கம்ப்யூட்டரத் தொட்டதில்ல. எல்லாம் புஸ்தகத்துல படிச்சதுதான். கரண்ட் போனா மறந்துபோறத எப்படி நினைவுங்கறதுன்னு அவர் கேட்டாரே, அதுக்கு என்ன பதில்னு எனக்குத் தெரியல. அந்தக் கோவத்துலதான் அப்படி எழுதிட்டேன்.”

சிவப்பு மையும் கட்டம் கட்டிய விடைகளும் என் கண் முன் வந்து போயின. அத்தனையும் கம்ப்யூட்டரே பார்க்காமல் எழுதியது! எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய், மரியாதைதான் வந்தது. என் கணவர் எழுந்து தானாகவே டி.வி.யில் கம்ப்யூட்டரை மாட்டினார். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன். “உட்காருங்க சார்.”

வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கம்ப்யூட்டரில் கட்டளை வர வேண்டிய இடத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரு எழுத்து வராது, ஒரு முழுக் கட்டளையே வந்து விழும். முதல் பொத்தானை அமுக்கியதும் திரையில் ஒரு முழு வார்த்தை வந்து நிற்க, கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். “ஏதாச்சும் கெடுத்துட்டேனா?” என்றார். இல்லை என்றேன். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் சொல்லியபடி தன் புரோகிராமைத் தட்டினார். பூஜ்யத்தைக் கொடுத்தார். அது சுற்றுவதைக் கண்ணால் பார்த்தார். நிறுத்திவிட்டு நூற்று நாற்பதுக்கு முன்னால் ஒரு வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினார். “இன்று கரண்ட் இல்லை” என்று ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது. அப்படி எழுத வைத்தவர் அவர்தான். ஆறு மணி பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் போனார்.

அவர் போன பிறகு நோட்டைப் பிரித்தேன்; அவருக்கென்று விட்டிருந்த காலிப் பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. “நூற்று நாற்பதில் என் தவறு. தொழுவத்தைப் பற்றி எழுதியதும் என் தவறு.” இரண்டுக்கும் அதே சிவப்பு மை. அடுத்த சுற்றில் விவசாயி அதன் கீழே, “சரி சார். நினைவு பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது” என்று எழுதினார். அதற்குப் பாய், கேசட்டுதான் நினைவு, கம்ப்யூட்டர் வெறும் யோசனை என்று ஒரு பதில் சொன்னார். அதைப் பற்றி ஏழு பேரும் நான்கு சுற்று சண்டை போட்டோம். நான் ஓரத்தில் ஒரு தடவைகூட எதுவும் எழுத வேண்டி வரவில்லை. அந்தக் கேள்விக்கு அவர்கள் எழுதியவை போன்ற நல்ல பக்கங்களை நான் அதற்குப் பிறகு எந்தக் குழுவிலும் படித்ததில்லை.