வாய் கொப்பளிக்க ஒரு செம்பு

ஈரம் தெளித்த மல்லாட்டைத் தொலியின் மண்வாசனை மூக்கில் ஏறினால் போதும், என் நாக்கு தானாகப் பல்லிடுக்கைத் துழாவத் தொடங்கிவிடும், ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. 'மல்லாட்டை' என்றால் எங்கள் செஞ்சிப் பக்கத்தில் நிலக்கடலை. விதைக்கு வேண்டியதை மிஷினில் போட்டால் பருப்பு உடைந்துபோகும் என்று, கோடையில் சிங்கவரம் ரோட்டோரக் கொட்டகையில் பெண்களை உட்காரவைத்துக் கையாலேயே உரிக்கச் சொல்வார்கள். கல் உடைக்கப் போன இடத்தில் நைனா காலை ஒடித்துக்கொண்டு படுத்த வருஷம், எங்கள் வீட்டு அடுப்பு அந்தக் கொட்டகையை நம்பித்தான் எரிந்தது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் அம்மாவோடு போய் உரிப்பேன்.

அங்கே மேஸ்திரி துரைக்கண்ணு என்று ஒரு மனுஷர் இருந்தார். மனுஷர் என்று எழுதவே கை கூசுகிறது. சாயங்காலம் வேலை விட்டதும் வாசலில் ஒரு செம்புத் தண்ணீரோடு நின்றுகொள்வார். காலடியில் தரையோடு தரையாக ஒரு கரும்பாறை. ஒவ்வொருத்தியும், கூட வந்த பிள்ளைகள் உட்பட, வாய் கொப்பளித்து அதன்மேல் துப்பிக் காட்ட வேண்டும். வெள்ளையாக வந்தால் பருப்பைத் தின்றிருக்கிறாள் என்று அர்த்தம்; மறுநாளிலிருந்து அந்தக் குடும்பத்துக்கே வேலை கிடையாது. வெற்றிலை போட்டால் வெள்ளை தெரியாதென்று சிலர் போட்டுப் பார்த்தார்கள். அதையும் கண்டுபிடித்து நிறுத்திவிட்டார், பாவி. குனிந்து உற்றுப் பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும் பாருங்கள், அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

“பசிச்சா எச்சிய முழுங்கு, பருப்ப மட்டும் தொடாத” என்று அம்மா காலையிலேயே சொல்லித்தான் கூட்டிப்போவாள்.

எனக்கோ வேறொரு சந்தேகம். நாளெல்லாம் பருப்பு மூட்டைமேலேயே உட்கார்ந்திருக்கிறாரே, இவர் தின்னவே மாட்டாரா? ஒருநாள் நான் துப்பியதைப் பார்த்து அவர் சரியென்று தலையாட்டியதும் கேட்டேவிட்டேன்: “நீ துப்பு மேஸ்திரி, பாக்கலாம்.”

அம்மாவின் கை என் தோளில் இறுகியது. பின்னால் நின்ற ஒருத்தி, “கொழந்த கேக்குது இல்ல, துப்பேன்” என்றாள். அவர் சிரித்தார். “இன்னாடி, எனுக்கே பரீட்சையா?” என்று செம்பைத் தூக்கி வாய் நிறைய ஊற்றி, கன்னம் உப்பக் கொப்பளித்து, பாறைக்குக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார்!

அத்தனை பெண்களும் சேர்ந்து சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். அம்மாவும் சிரித்தாள். மறுநாள் எங்களை வாசலிலேயே நிறுத்தி, “உனுக்கு வேலை இல்ல, போ” என்றார். அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. பாதி வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே “முழுங்கிட்டான் பாரேன்” என்று ஒருதரம் சிரிக்கவும் சிரித்தாள். அந்தக் கோடை முழுக்க எங்களுக்குக் கூழ்த்தண்ணிதான்.

இப்போது விதைக்கென்றே மிஷின் வந்துவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் வண்டி கழுவுகிறார்கள். பாறையை ஜல்லிக்காக உடைத்தாயிற்று. மேஸ்திரி என்ன ஆனார் என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. அந்த ஆளும் பசியில்தான் தின்றாரா, இல்லை வெறும் கொழுப்பா என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஆசை. என் வீட்டில் இன்றைக்கு மல்லாட்டை மூட்டையாகவே கிடக்கிறது, ஆசை தீரத் தின்கிறேன். தின்றபின் வாய் கொப்பளித்தால் துப்ப மட்டும் வரமாட்டேன் என்கிறது. அவரைப் போலவே நானும் விழுங்கிவிடுகிறேன்.