நூறாவது கிலோமீட்டர்

என் மாமா செய்த அநியாயத்துக்கு எழுத்து மூலமான ஆதாரம் என்னிடம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பிலிருந்து, அன்றன்று நடந்ததைக் கோடு போட்ட நோட்டில் தேதியிட்டு எழுதிவருகிறேன். அந்த ஆகஸ்ட் மாதப் பக்கங்களை இப்போது புரட்டினாலும் கோபம் ஆறவில்லை.

மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடியில்தான் அம்மாவின் தம்பியும் மாமியும் குடியிருந்தார்கள். மாமாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவது என் உரிமை. கோட்டூர்புரம் பாலத்தை ஒட்டிய வளைவில் அவர் வண்டியைச் சாய்த்துத் திருப்பும்போது, தரை என் முழங்காலை நோக்கி எழுந்து வரும். அதற்கு ஈடான சுகம் உலகத்தில் இல்லை என்று நம்பியிருந்தேன்.

அந்த மாதம் மாமி, கையில் கட்டுடன், கோட்டூர்புரத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போனார். அடுத்த ஞாயிறு மாமா டயர் மாற்றக் கிளம்பினார். "வளைவுல பிடிப்பு பத்தலை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிடிப்பு கூடினால் இன்னும் சாய்க்கலாம் அல்லவா?

சிந்தாதிரிப்பேட்டைக் கடையில், கட்டை கட்டையாகப் பற்கள் வைத்த டயரைக் காட்டினேன். கடைக்காரர் சிரித்தார்.

"அது சேத்துல போறதுக்கு பாப்பா. தார் ரோட்டுல ரப்பர் எவ்ளோ தரையில ஒட்டுதோ, அவ்ளோதான் பிடி." பிறகு மாமாவிடம், "கெட்டி ரப்பர் வருஷக்கணக்கா உழைக்கும் சார். சாஃப்ட் ரப்பர் வளைவுல புடிக்கும், சீக்கிரம் தேயும். ரெண்டும் ஒரே டயர்ல கேட்டா நான் இன்னா பண்றது?" என்றார்.

செருப்பு வாங்கினாலும் எத்தனை வருடம் வரும் என்று கேட்கிற மாமா, தேய்கிற டயரையே கேட்டார். நான் குனிந்து அதன் பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களைப் படித்தேன். முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். பத்திரிகையில் படித்தது.

"மாமா, இது நாலு வருஷம் பழசு."

"இன்னா சார், கூடவே ஆர்டிஓவை இட்டுக்கினு வந்துட்டீங்க!" என்று முனகிக்கொண்டே கடைக்காரர் உள்ளேயிருந்து புதியவற்றை எடுத்து வந்தார். அந்த டயர்களைத் தேர்ந்தெடுத்ததில் என் பங்கு பாதி என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மாட்டி முடித்ததும் அவர் எச்சரித்தார்: "புது டயர் மேல வழவழப்பு கீது. நூறு கிலோமீட்டர் வரைக்கும் சாய்க்காதீங்க."

"நூறுக்கு அப்புறம் சாய்க்கலாமா மாமா?"

"ஆகட்டும், பாக்கலாம்டி."

இதை நான் வாக்குறுதியாக எழுதிக்கொண்டேன். தினமும் மாலையில் மீட்டரைப் பார்த்துக் குறித்தேன். இருபத்து மூன்று. நாற்பத்தொன்று. அறுபத்தெட்டு. சனிக்கிழமை தொண்ணூற்றாறு.

ஞாயிறு காலை மாமியை அழைத்துவரக் கிளம்பினோம். நான் வண்டியருகே தயாராக நின்றேன். "நீ அம்மாகூட ஆட்டோல வாடி" என்றார் மாமா. என் நூறாவது கிலோமீட்டரைக் கேட்காமலே மாமிக்குக் கொடுத்துவிட்டார்!

கோட்டூர்புரத்தில் மாமி உடனே வண்டியில் ஏறவில்லை. மாமா குத்துக்காலிட்டு டயரைக் காட்டினார். மாமி பழத்தை அமுக்கிப் பார்ப்பதுபோல் ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கினார். பிறகு ஏறி, கட்டில்லாத கையால் மாமாவின் சட்டையை முதுகில் கொத்தாகப் பிடித்தார். எங்கள் ஆட்டோ பின்தொடர்ந்தது.

வளைவு வந்தது. மாமா பால் கேன் ஏற்றியவர்போல வேகத்தைக் குறைத்து நிமிர்ந்தபடியே திரும்பினார். மீன்கூடை கட்டிய சைக்கிள் ஒன்று அவரை முந்திப் போனது.

"சாய்க்கவே இல்லம்மா! நூறு ஆயிடுச்சு!"

"கத்தாதடி" என்றாள் அம்மா.

"நம்ம ஆட்டோவே இதவிட சாயும் பாப்பா" என்றார் ஓட்டுநர்.

வளைவு தாண்டியதும் மாமியின் பிடி தளர்ந்தது. கை மட்டும் மாமாவின் தோள்மேல் போய் நின்றது. பார்த்தேன். எழுதத் தகுந்ததாகத் தோன்றவில்லை. 'மாமா ஏமாற்றுக்காரர். டயர் வீண்' என்று எழுதினேன். பத்து நாள் அவரோடு பேசவில்லை.

அதற்குச் சில பக்கங்கள் முன்னால், ஒரே தேதியில், இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. 'மாமி பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.' அதன் கீழே: 'மாமா வண்டியின் வலது ஃபுட்ரெஸ்ட் வளைந்திருக்கிறது. நிறுத்தியிருந்தபோது யாரோ இடித்துவிட்டார்களாம்.' வெவ்வேறு செய்திகள் கலந்துவிடக் கூடாதென்று, இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அழுத்தமாக ஒரு கோடு போட்டிருக்கிறேன்.