‘சாப்பாடு’ என்று நான் அச்சடித்த கட்டம்

“மேடம், கை நடுங்குது. கண்ணு இருட்டிக்கினு வருது. வண்டிய ஓரங்கட்டிட்டேன்.”

சாயங்காலம் நாலு மணிக்கு ஏழுமலையின் போன். சிறுசேரியில் ஒரு ஐடி கம்பெனி கிளினிக்கில் நான் டயட்டீஷியன். அவர் அதே கம்பெனிக்கு கேப் ஓட்டுகிறவர், திருப்போரூர்க்காரர், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்.

“வண்டியில யாராவது இருக்காங்களா?”

“இல்ல மேடம், காலி வண்டி.”

“சுகர் இறங்கியிருக்கு. பக்கத்துல டீக்கடை இருந்தா மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணியில கலக்கிக் குடிங்க. போனை வைக்காதீங்க.”

கால் மணி நேரத்தில் அவருக்குத் தெளிந்துவிட்டது. நான்கு நாள் முன்புதான் அந்த மனிதரை வாங்கு வாங்கு என்று வாங்கியிருந்தேன்.

அவருக்கு எடை ஏறிக்கொண்டே போனது. அடுத்த ரிவ்யூவுக்குள் சுகர் இறங்காவிட்டால் இன்சுலின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிற டிரைவரை அவருடைய டிராவல்ஸ் ஷிப்ட் வண்டியில் ஏற்றாது. அந்தப் பயத்தில் நான் கொடுத்த டயரியை ஒரு நாள் விடாமல் நிரப்பினார். காலை இல்லை. மதியம் சாதம், சாம்பார், பொரியல். இரவு இல்லை. கூட்டினால் எழுநூறு கலோரி தேறாது.

கலோரியைச் செலவழிக்கும் பக்கமோ இன்னும் அழகு. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு, ஸ்டெப் எண்ணுகிற வாட்ச் தினமும் எட்டாயிரம் ஸ்டெப் காட்டியது! பார்த்தால், கியர் போடுகிற இடது கையில் கட்டியிருக்கிறார். அதைக் கண்டுபிடித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாட்ச் பொய் என்றால் டயரியும் பொய் என்று முடிவு கட்டிவிட்டேன்.

“ஏமாத்தாதீங்க ஏழுமலை. எழுநூறு கலோரியில எவனுக்கும் வெயிட் ஏறாது.”

“முருகன் மேல சத்தியமா மேடம், எல்லாம் அதுல கீது.”

“அப்ப காத்தைக் குடிச்சு ஏறுதா?”

அவர் முகம் செத்துவிட்டது. டயரியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

போன் வந்த மறுநாள் அவரைக் கிளினிக்குக்கு வரச் சொன்னேன்.

“நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

“மூணு நாளா சாப்பாட்ட நிறுத்திட்டேன் மேடம். அதையும் வுட்டாதான் நீங்க நம்புவீங்கன்னு.”

“காலையிலேர்ந்து பட்டினியாவா வண்டி ஓட்டினீங்க?”

“இன்னா மேடம், பட்டினியோட ஓட்ட முடியுமா? நாஸ்தா ஆச்சே. நாலு இட்லி, ரெண்டு வடை, ஒரு செட் பூரி.”

“அதை ஏன்யா எழுதல?”

டயரியைப் பிரித்து, கட்டத்தின் தலைப்பில் விரலை வைத்தார். “நீங்கதான் ‘சாப்பாடு’ன்னு போட்டுக்கீறீங்க. அது நாஸ்தா. நைட்டு பரோட்டா, அது டிபனு. மத்தியானம் துன்றதுதான் சாப்பாடு.”

எனக்குச் சுருக்கென்றது. ‘நைட்டுக்குச் சாப்பாடா, டிபனா?’ என்று என் வீட்டில் தினமும் கேட்பவளே நான்தான். அந்தக் கட்டத்தை அச்சடித்தவளும் நான்தான்.

“தப்பு என் மேல, ஏழுமலை. மன்னிச்சிடுங்க.”

“அத்த வுடுங்க மேடம். ஊசி இல்லாம ஆவுமா?”

“ஆகும். நான் பாத்துக்கறேன்.”

சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. சரியான கணக்கு கைக்கு வந்தால் என் வேலை எனக்குத் தெரியும். டாக்டர் மாத்திரையின் அளவைத் திருத்தினார். மதியச் சாப்பாடு திரும்ப வந்தது. வடையும் பூரியும் போயின, பரோட்டா வாரம் ஒருநாள் ஆனது. டிரிப்புக்கு டிரிப் காத்திருக்கும் நேரத்தில் பார்க்கிங்கைச் சுற்றி நிஜமாகவே நடந்தார். ரிவ்யூவில் சுகர் இறங்கியிருந்தது, ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். ஏழுமலை இன்றும் அதே ஷிப்ட் வண்டியை ஓட்டுகிறார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கணக்கு உதைத்தால் முதலில் உங்கள் கேள்வியைச் சோதியுங்கள், ஆளை அப்புறம் சோதிக்கலாம். ஏழுமலை ஒரு வரி கூடப் பொய் எழுதவில்லை. நான் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் மதியச் சாப்பாட்டையே நிறுத்தினார்.