மெயின் வால்வை மூடுங்க

குழாய் வேலை பார்க்கும் நெட்டையனுக்கு விரல்கள் அநியாய நீளம். கை நுழையாத சந்தே இல்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறதே என்று மனைவி நச்சரித்ததால் இதய ஸ்கேன் எடுத்தான். மறுநாள் போன் வந்தது.

"வால்வு லீக் ஆகுது."

"மெயின் வால்வை மூடி வைங்க, இதோ வந்துடறேன்."

"ஐயா, லீக் உங்க இதயத்துல!"

நேரில் டாக்டர் விளக்கினார். உடம்பை இழுத்துப் பிடிக்கும் திசுவே பிறவியில் தளர்வாம். அதனால்தான் விரலும் நீளம், வால்வும் தொளதொள. அப்பாவும் இதே வாகு என்பதால் அவர் வழியில் வந்ததாம், கூடப்பிறந்தவர்களையும் சோதித்துப் பார்க்க வேண்டுமாம்.

அப்பா வீட்டை இவனுக்கே எழுதி வைத்த நாளிலிருந்து அக்கா முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவளுக்கும் அதே விரல், அதே உயரம். வெளியே வந்ததும் போன் போட்டான்.

"அக்கா, அப்பா சொத்துல உனக்கும் பங்கு இருக்கலாமாம். ஆஸ்பத்திரிக்கு வா, பாத்துடலாம்."