சொல்லாமல் போனவர்கள்

நான் குடியிருப்பது மாடியில். கீழே வீட்டுக்கார அக்கா. கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால், சனி ஞாயிறுகளில் கார்கள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில், உள்ளே திரும்பும் தெரு எங்களுடையது. தெருவில் மாடிக்கு மேல் மாடி கட்டியவர் எவருமில்லை. அதைவிட உயரத்தில் வாழ்ந்து பார்த்தவர் அக்காவின் கணவர் ஒருவர்தான். வளைகுடா நாடொன்றில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கம்பெனி ஆட்களைத் தங்கவைத்திருந்த அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி அவருக்கு. அந்தக் கட்டடம் ஒரு விடியற்காலையில் தீப்பிடித்து எரிந்தது.

செய்தி அக்காவுக்கு வருவதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டது. காலையில் பல் துலக்கிக்கொண்டே மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு எதிரே சிலர் நின்று, கையிலிருந்த போனில் கட்டடம் எரியும் வீடியோவைப் பார்ப்பதும் எங்கள் வீட்டைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அக்கா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார். இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டுச் சுற்றியுள்ள கடைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். அத்தனை பேரில் ஒருவர் உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். யாரும் போகவில்லை. வீடியோவை இன்னும் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு அங்கேயே நின்றார்கள். கடைசியில் கோவையில் படிக்கும் மகள்தான் போன் செய்து அம்மாவிடம் சொன்னாள்.

அவருடைய போன் அணைந்திருந்தது. இறந்தவர்கள் என்று அறிவிக்கப்பட்டவர்களில் அவர் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களிலும் இல்லை. இரவு ஷிப்டுக்குப் போயிருந்ததால் தப்பித்த அறை நண்பர், அங்கே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அடையாளம் தெரியாத உடல்கள் சில இருக்கின்றன, டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துத்தான் சொல்வார்களாம் என்றார். மகள் வந்து, அதற்காக ரத்தம் கொடுத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா எவரிடமும் எதையும் கேட்கவில்லை. உறுதியாகத் தெரியும்வரை தன் புருஷனை யாரும் சாகடித்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஊர் அதற்குள் திரண்டுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. யார் சொல்லி வந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டீ ஊற்றிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்ததால் பேச்சு முழுவதும் என் காதில் விழுந்தது. ஒரு மாடிக்கு மேல் ஏறியே பார்க்காதவர்கள்கூட எட்டு மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்று விளக்கினார்கள். ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு படியில் இறங்கியிருக்கலாம் என்றார் ஒருவர். படியே புகைக்கூண்டாகிவிடும், மேலே ஏறியிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள்.

ஒருவர் போனை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டி, வீடியோவை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

“உங்கூட்டுக்காரர் ரூம் எந்த ஜன்னலுங்க? இதுங்களா, இல்ல இந்தப் பக்கத்ததுங்களா?”

“நான் அங்க போயிப் பாத்தனுங்களா?” என்றார் அக்கா.

டவுனுக்குள் ஃபேர்லேண்ட்ஸில் நாலாவது மாடியில் ஃபிளாட் வாங்கியிருந்த தூரத்து உறவினர் ஒருவர் வந்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். “நைலான் கயிறு வாங்கி பால்கனில கட்டி வெச்சுட்டனுங்க. எதுக்கும் இருக்கட்டும்னு.” எனக்கு எரிச்சலாக வந்தது. நான் மட்டும் என்ன யோக்கியம், அந்த வீடியோவை அதற்குள் பலமுறை பார்த்திருந்தேன். ஆனாலும் எரிச்சல் வந்தது.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் கிடையாது. சொன்னால் இன்னொரு துக்கத்துக்கு வருவதாகிவிடுமாம். பேசிக்கொண்டே இருப்பவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார். முதல் நாள் மதியம் அடுத்த தெருப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் எழுந்தார். கேட்டைத் தாண்டப் போனவரை அக்காவின் குரல் நிறுத்தியது.

“ஏனுங்க, சொல்லாமப் போறீங்க?”

பெரியவர் திரும்பினார். அவருக்கு விளங்கவில்லை.

“எங்கூட்டுக்காரரு இதே கேட்டுக்கிட்ட நின்னு, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தானுங்க போனாரு. நீங்களும் சொல்லிட்டுப் போங்க.”

பெரியவர் தோள் துண்டை எடுத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். “வாரேனுங்க அம்மிணி” என்றார், மெதுவாக.

“செரிங்க. வாங்க.”

அதன்பிறகு அக்கா தன் நாற்காலியைக் கேட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். சொல்லாமல் யாரும் தப்ப முடியாது. சிலர் முணுமுணுத்துச் சொன்னார்கள். சிலர் அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போகும் நேரம் பார்த்து நழுவினார்கள். டிவிக்காரர்கள் மைக்கோடு வந்து, புகைப்படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்றதும் அவர்களும் சொல்லாமல்தான் கிளம்பினார்கள். அவர்களையும் நிறுத்திச் சொல்லவைத்தார். அந்தம்மாவுக்கு மண்டை கலங்கிப்போச்சு என்று தெருவில் பேச்சு வந்தது. சொல்வதா வேண்டாமா என்ற குழப்பத்திலேயே பலர் வருவதை நிறுத்தினார்கள். நாற்காலிகள் காலியாகின. எனக்குச் சிரமமில்லை. குடிவந்த நாளிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்பும்போது “அக்கா, வாரேனுங்க” என்பதும், “செரிங்க தம்பி” என்று உள்ளேயிருந்து பதில் வருவதும் வழக்கம்தான்.

நான் வேலை செய்வது பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு பிளக்ஸ் பேனர் கடையில். கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் வேலை. அந்த வாரம் எங்களுக்கு நல்ல வியாபாரம். கட்சிக்காரர்கள், நற்பணி மன்றத்தார், சங்கத்தார் எல்லோரும் ஆழ்ந்த இரங்கல் பேனருக்கு வந்தார்கள். எரிந்த கட்டடத்தின் படம் தெளிவாகக் கிடைக்காததால், எங்கேயோ எப்போதோ எரிந்த வேறொரு கட்டடத்தின் படத்தை முதலாளி எடுத்துக் கொடுத்தார். எல்லா பேனருக்கும் அதே படம்தான். ஒரு மன்றத் தலைவர் திரையைப் பார்த்துவிட்டு, “நெருப்பு கம்மியாத் தெரியுதுங்களே, கொஞ்சம் ஏத்துங்க” என்றார். ஏற்றிக் கொடுத்தேன். அவருடைய படத்தையும் பெரிதாக்கச் சொன்னார். அதையும் செய்தேன். இறந்தவர்களின் பெயருக்கு அடியில் ஒரு வரி இடம்தான் மிஞ்சியது.

அக்காவின் மாவு மட்டும் விற்கவில்லை. தீட்டு வீட்டு மாவு என்று கடைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். நேரடியாகச் சொல்லாமல், “ரெண்டு நாள் போகட்டுங்க அம்மிணி” என்றார்கள். அக்கா அளவைக் குறைத்தாரே தவிர அரைப்பதை நிறுத்தவில்லை. நான் தனியாள். மூன்று வேளையும் தோசை சுட்டுத் தின்று எனக்கு வயிறு புளித்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கணவரின் அண்ணன் ராசிபுரத்திலிருந்து வந்தார். மோசமான மனிதர் இல்லை. தம்பி முறையாகப் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை அவருக்கு. ஆள் இல்லையென்று ஊருக்கே தெரிந்தபின் விளக்குகூட ஏற்றாமல் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. என் கடைக்கே வந்து, கல்யாண வீட்டில் எடுத்த படம் ஒன்றைக் கொடுத்தார்.

“கண்ணீர் அஞ்சலின்னு போட்டு ஒண்ணு அடிச்சுக் குடுங்க தம்பி. தெரு முக்குல வெக்கோணும்.”

“மிஷின் ரிப்பேருங்க” என்றேன். எனக்குப் பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் பேச்சை எடுத்தார். நான் மேலே போகும் படியில் நின்றிருந்தேன்.

“எத்தன நாளைக்கு அம்மிணி இப்பிடி? ஊரு சிரிக்குது.”

“சிரிக்கட்டுங்க மாமா. தகவலு வரட்டும். வந்தா நானே அழுகறேன்.”

அவர் எழுந்தார். கேட்டருகே வந்ததும் தானாகவே நின்று, “வாரேன் அம்மிணி” என்றார். அவர்மேல் இருந்த கடுப்பு எனக்கு அப்போது போய்விட்டது.

பிறகு வேறு செய்திகள் வந்தன. கிரிக்கெட் வந்தது. மலைக்குப் போகும் கார்கள் வழக்கம்போல் முக்கில் நின்று பலாச்சுளை வாங்கின. இரங்கல் பேனர்களில் சில கிழிந்து தொங்கின, சில கோழிக்கூண்டுக்கு மேல் விரிப்பாகப் போயின. தெரு எங்கள் வீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டது. ஆறுதலாகத்தான் இருந்தது, மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் போன் அடித்தது. அங்கிருந்து அறை நண்பர். எது என்றாலும் மாடித் தம்பியிடம் முதலில் சொல்லுங்கள் என்று அக்காதான் என் நம்பரைக் கொடுத்திருந்தார். கணவரின் அண்ணனுக்குச் சொன்னால் தெருவுக்கே தெரிந்தபின்தான் தன்னிடம் வரும் என்று அவருக்குத் தெரியும். டெஸ்ட் முடிவு வந்துவிட்டது என்றார் நண்பர். அவர்தான் என்றார். அதோடு போனை வைத்துவிட்டார்.

படியிறங்கினேன். முன்னறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓரத்தில் ஒட்டிய மாவை வழித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கெழமையும் வேலைங்களா தம்பி?”

“இல்லீங்க” என்றேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். படியிறங்கும்போதே கோத்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வெளியே வரவில்லை. மகள் நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். கொஞ்சம் பரவாயில்லை என்றார். ராசிபுரத்து அண்ணனை அழைத்துவந்து அவரையே சொல்லவைக்கலாம் என்று எழுந்தேன். கோழைத்தனம்தான்.

செருப்பை மாட்டிக்கொண்டேன். அக்கா தலை நிமிர்ந்து, வழக்கமான வார்த்தைக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். எத்தனையோ நாள் யோசிக்காமல் சொன்ன ஒரு சொல், வரவில்லை. கேட்டின் கொண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். பிறகு கையிலிருந்த மாவைக் கிரைண்டருக்குள்ளேயே வழித்துப் போட்டார். எழுந்து சுவிட்சை அணைத்தார். கல் சுற்றி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செரிங்க தம்பி” என்றார். “சொல்லாமயே போங்க.”