இருபத்துநான்கு பைட்டுக்குள் அடங்காத பெயர்

தமிழ் போர்டு ஓடத் தொடங்கிய முதல் நாள் காலை பத்தரைக்கு மேனேஜர் சேகர் போன் செய்தார். கீழவாஞ்சூர் பக்கம் ஒரு சரக்கு யார்டில் அவருக்கு வேலை. அங்கே டிரைவர் பெயரை மின்பலகையில் ஓடவிட்டு லாரிகளை எடைமேடைக்கு அழைக்கும் மென்பொருள், காரைக்காலில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் எழுதியது. அதற்குப் பொறுப்பு நான்.

அதுவரை டிரைவர் பெயர்கள் ஆங்கிலத்தில் ஓடின. படிக்கத் தெரியாமல் பலர் தங்கள் முறையைத் தவறவிட்டார்கள். தமிழில் போடலாம் என்று அடம்பிடித்து ஒப்புதல் வாங்கியவள் நான்.

"மேடம், நேர்ல வாங்க. பேரெல்லாம் ஏதேதோ வருது. சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா இங்கிலீஷுக்கே மாத்திடுவோம்" என்றார்.

லேப்டாப்போடு போய் இறங்கினேன். போர்டில் 'முகம்மதுநிலக்கரி' என்று ஓடியது. கீழே நின்றவர் முகம்மது இலியாஸ், நிலக்கரி ஏற்ற வந்த டிரைவர். லைசென்சில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று காவலாளி அவரை உள்ளே விடவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வாப்பா முகம்மது இலியாஸ்னுதான் பேர் வச்சாங்க. நிலக்கரிய நீங்க சேத்துட்டீங்க போல."

அவருக்குப் பின்னால், ஜிப்சம் ஏற்ற வந்து நின்ற ராஜேந்திரன் 'ராஜேந்திஜிப்சம்' ஆகியிருந்தார். செல்வம் மட்டும் செல்வமாகவே இருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

எடைமேடை அறையில் உட்கார்ந்து, பிழை தேடும் கருவியான டீபக்கரால் புரோகிராமை, போர்டுக்குப் பெயர் போகும் வரியில் நிறுத்தினேன். பெயரை அடுத்தடுத்த இடங்களில் அடுக்கி வைத்திருக்கும் கேரக்டர் அரே திரையில் விரிந்தது: -32, -82, -82, -32, -81, -127... கடைசிவரை எண்கள்தான். வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேகர் எட்டிப் பார்த்தார்.

"இதுல பேரு எங்க மேடம் இருக்கு?"

அவர் கேட்டபிறகுதான் உறைத்தது. அரேயை, தமிழை எண்களாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறைப்படி எழுத்தாகக் காட்டும்படி டீபக்கரில் மாற்றினேன். எண்கள் மறைந்து, மேற்கோள் குறிகளுக்குள் 'முகம்மதுநிலக்கரி' என்று வந்தது. போர்டின் மேல் தப்பில்லை. பெயர் எங்கள் புரோகிராமுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி எண்களுக்கு மாற்றி எண்ணினேன். இடத்துக்கு ஒரு பைட்டாக, இருபத்துநான்கு இடங்களும் நிரம்பியிருந்தன. பெயர் முடிந்தது என்று சொல்லும் பூஜ்யத்துக்கு இடமே இல்லை. அதனால் புரோகிராம் நிற்காமல் அடுத்திருந்த சரக்கின் பெயரையும் சேர்த்துப் படித்துவிட்டது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். 'மு' என்ற ஓர் எழுத்துக்கே ஆறு வேண்டும். 'முகம்மது' சரியாக இருபத்துநான்கு; 'இலியாஸ்' இடமில்லாமல் வெட்டுப்பட்டிருந்தது.

அந்த இருபத்துநான்கைப் பல வருடங்களுக்கு முன்பு போட்டவளும் நான்தான். தமிழுக்கு மாற்றியபோது மாலா என்ற என் பெயரை மட்டும் போட்டுச் சோதித்திருந்தேன். அதற்குப் பன்னிரண்டு பைட் போதும். தப்பு என்னுடையது என்று சேகரிடம் சொன்னேன். அவர் டீ வரவழைத்தார்.

அரேயை நூற்றிருபத்தெட்டாக்கி, முடிவில் பூஜ்யம் கட்டாயம் இருக்கும்படி எழுதினேன். அன்றைய வரிசையில் இருந்த எல்லாப் பெயர்களையும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு மணிக்கு 'முகம்மது இலியாஸ்' முழுதாக வந்தது. அவர் லாரியை விட்டு இறங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"இத்தன வருசமா லாரி ஓட்டுறேன். என் பேர நானே படிச்சு உள்ள போறது இன்னிக்குத்தான்" என்றார். இங்கிலீஷுக்கு மாற்றும் பேச்சைச் சேகர் பிறகு எடுக்கவே இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: அரேயை எழுத்தாகப் பாருங்கள், என்ன நடந்தது என்று தெரியும். எண்ணாகவும் பாருங்கள், ஏன் நடந்தது என்று தெரியும். அதற்கெல்லாம் முன்பு, அந்தப் பெயருக்கு உரியவரைப் போய்ப் பாருங்கள்.